ரோல் இல்லாத கேமரா

கல்யாண ஃபோட்டோ வேலையில் படம் எடுப்பது பாதிதான். எடுத்த படம் வேறு யார் கண்ணிலும் படாது என்று நம்பவைப்பது மீதி. ஃபிலிம் ரோல் கேமராவை மூட்டைகட்டிவிட்டு டிஜிட்டலுக்கு மாறி அவஸ்தைப்பட்டவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

முப்பத்தாறும் வேண்டும்

ஆம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். நான் பெண் என்பதால், மேல்விஷாரம் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க முதலாளி என்னைத்தான் அனுப்புவார். வெளி ஆண்கள் அங்கே வரக்கூடாது. படமும் அவர்கள் கைக்குப் போகக்கூடாது. அதனால் பிரிண்ட் முடியும்வரை லேபில் மிஷின் பக்கத்திலேயே நின்று, ஆல்பத்தோடு நெகட்டிவ் முழுவதையும் பெண்ணின் அம்மா கையில் ஒப்படைப்பது வழக்கம்.

மெஹருன்னிசாம்மா என்று ஒருவர். மூத்த மகளின் நிக்காஹ் படங்களைக் கொண்டுபோனபோது, நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். நெகட்டிவ் முப்பத்தாறு, படம் முப்பத்தைந்து. ஒன்று கை தவறித் தரையை எடுத்தது, அதனால் பிரிண்ட் போடவில்லை என்றேன்.

"தரையா இருந்தா இன்னா? அதுவும் எங்க வூட்டுத் தரைதானே. போட்டுக் குடு பாப்பா."

முன்னால் நிற்க ஆளில்லை

முதலாளி டிஜிட்டல் கேமரா வாங்கிய வாரமே ஆற்காட்டில் ஒரு வளைகாப்பு. பின்பக்கத்தில் படம் உடனே தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். கிளிக் சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் என் முதுகுக்குப் பின்னால் ஓடிவந்துவிடும். வளையல் போட வந்த ஒரு அத்தை நான்கு முறை அழிக்கச் சொன்னார். ஐந்தாவதையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"முன்னெல்லாம் படம் வர பத்து நாள் ஆவும், அதுக்குள்ள நம்ம மூஞ்சி நமக்கே மறந்துடும். இப்ப உடனே காட்டி பேஜார் பண்றீங்களேம்மா."

பச்சையடித்த பிரவுன்

ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள்களைப் படம் எடுத்தேன். அங்கிருந்த விளக்குக்கு ஏற்றபடி கேமராவில் மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டுவிட்டேன். பிரவுன் தோல் லேசாகப் பச்சையடித்தது. ரோலாக இருந்தால் லேபில் சரிசெய்திருப்பார்கள். இங்கே நான் கேமராவைப் பைக்குள் வைப்பதற்குள் சூப்பர்வைசர் படத்தை ஈமெயிலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு வந்தார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"ஷூ வாங்குற பையருக்கு அந்தக் கலர் ரொம்பப் பிடிச்சுப்போச்சு மேடம். அந்தக் கலர்ல தோல் எந்த ஆட்டுக்கு இருக்குது, நீங்களே சொல்லுங்க."

சொல்லக்கூடாத சமாதானம்

அடுத்து மெஹருன்னிசாம்மாவின் இரண்டாவது மகள் நிக்காஹ். ஆல்பத்தைக் கொடுத்ததும், நெகட்டிவுக்காகக் கையை நீட்டினார். இந்தக் கேமராவில் அது கிடையாது என்றேன். முகம் வாடியது. மற்ற வீடுகளில் கேட்டுச் சந்தோஷப்படுகிற வார்த்தையாயிற்றே என்று இங்கேயும் அதையே சொன்னேன்: "கவலைப்படாதீங்கம்மா, எல்லாப் படமும் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குது."

சொன்ன பிறகுதான் ஈமெயிலில் பறந்த அந்த பிரவுன் ஷூ ஞாபகம் வந்தது. அவர் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டுடியோவுல எத்தினி ஆம்பளைங்க இருக்காங்க?"

அழித்த பிறகு

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேல்விஷாரத்தில் எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. அந்தக் கதவுகளுக்காகத்தான் முதலாளி என்னை வேலைக்கு வைத்திருந்தார்.

மறுநாள் காலை மெஹருன்னிசாம்மா மகளோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆண்கள் வெளியே போனார்கள். அவர் பார்க்கப் பார்க்க எல்லாப் படத்தையும் அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். "போய்டுச்சா?" என்றார். ஆமாம் என்றால் முடிந்தது. நான் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"கண்ணுக்குத் தெரியாதும்மா. ஆனா விஷயம் தெரிஞ்சவங்க தோண்டினா எடுத்துடலாம்னு சொல்றாங்க."

அவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, படம் எதற்குள் இருந்ததோ அதைக் கழற்றித் தரச்சொன்னார். கூப்பிட்டதும் உள்ளே வந்த முதலாளி என்னை முறைத்தபடியே ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"போய்டுச்சுன்னு நீ சொல்லியிருந்தா நம்பிட்டுப் போயிருப்பேன். சின்னவ நிக்காஹுக்கும் நீதான் வரணும். கேமராவுல போடுற மெமரி கார்டை மட்டும் நாங்களே வாங்கி வெக்கிறோம்."

அதற்கப்புறம் அந்த ஊரில் கேமரா என்னுடையது, கார்டு பெண் வீட்டாருடையது என்று ஆகிப்போய், நான் எடுத்ததிலேயே நல்ல படங்களெல்லாம் மேல்விஷாரத்துப் பீரோக்களுக்குள் இருப்பதால், 'நீங்க எடுத்ததுல ஒண்ணு காட்டுங்க' என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்.