கடைசி சீட்டின் இனிப்பு

இஞ்சி தட்டும் வாசம். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அது மூக்கில் ஏறினால் எனக்கு ஞாபகம் வருவது தேநீர் அல்ல, முதுகு.

போன வருடம் இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகி, வலது கால் முழுக்க நெருப்பு இழுத்தது. வலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இனிப்பு போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே, பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியைக் குடிக்கிற தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் எனக்கு. சீனி தித்தித்தது, தெரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. நாக்கு சொன்னதை மூளை காதில் வாங்கவில்லை. நான் எழுத்தாளன்; எழுதும் வரிகளுக்கும் அதே கதி. அதுதான் பயம்.

ஒருநாள் வத்தேகமயிலிருந்து கிளினிக்குக்கு வரும்போது கடைசி சீட்தான் கிடைத்தது. ஒவ்வொரு பள்ளமும் உச்சந்தலையில் இடித்தது. கண்டியில் இறங்கி, குலுக்கல் நின்று, வலி வடிய வடிய ஒரு வாய் சாயத்தண்ணி. அடடா! சீனி பல்லின் வேர்வரை இனித்தது. வலிக்கும்போது எதையும் ஏற்காத மூளை, வலி விலகும்போது மட்டும் ஏன் இப்படிக் கை நீட்டுகிறது? வெறும் விடுதலைக்கா இவ்வளவு ருசி?

அப்புறம் முன்னால் இடம் இருந்தாலும் பின்னால்தான் போனேன். கால் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. பயந்துபோன மனைவி, வேலைக்குப் போகிற வழியில் என்னோடு பஸ் ஏறினாள்.

நடத்துநர் சிரித்தார். "ஐயா, ஒங்க சிம்மாசனம் பின்னால காலியாத்தான் இருக்கு!"

"சிம்மாசனமா? குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!" என்றாள் மனைவி.

என்னை முன்னால் உட்காரவைத்தாள். வழியெல்லாம் சொன்னேன், சீனி, பள்ளம், மூளை, எல்லாம். குட்ஷெட்டில் இறங்கியதும் கடையில் சாயத்தண்ணி வாங்கி, என் உள்ளங்கையில் அவளே சீனி கொட்டினாள்.

"இப்ப இனிக்குதா?"

நக்கிப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம்."

"கொஞ்சமாவது இனிக்குதுல்ல?" கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் வேலை செய்யும் கடை திறக்கும் நேரம்.

"கிளினிக் முடிஞ்சு போறப்பவும் முன்னாலயே உக்காருங்க. கால் வெளங்காமப் போச்சுன்னா, ஒங்க மூளையா வந்து ஒங்கள தூக்கப் போகுது? நான்தான் தூக்கணும்."