வருவேன் என்று சொல்லாதவன்

பூட்டு என்று நாங்கள் கூப்பிட்டவன் எனக்குப் பதினொரு தடவைக்கான பணம் தரவேண்டியிருந்தது. வட்டி கிடையாது. வட்டி வாங்காமலே முன்னுக்கு வந்தவன் நான். இன்றைக்கு என் பெயரில் ஏழு லாரி ஓடுகிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இது போதாதா, நீங்களே சொல்லுங்கள்.

பாக்கி என்றால் போன் பாக்கி. சண்டைக்குப் போயிருந்த காலம் அது. மண்மூட்டை அடுக்கிய ஒரு பள்ளத்தில் எங்கள் படைக்கு ஒரே ஒரு போன். வாரத்துக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்த எனக்குப் பேச ஆள் கிடையாது. வேறொருவனாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பான். நான் என் மூன்று நிமிடத்தை விற்றேன். ஒரு தடவைக்கு ஒரு நாள் படிக்காசு. அதுதான் என் முதல் வியாபாரம், பூட்டுதான் முதல் வாடிக்கை.

ஊரில் பூட்டு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன், வாயையும் லேசில் திறக்கமாட்டான், அதனால் அந்தப் பெயர். சம்பளத்தில் பெரும்பகுதி அவன் அம்மாவின் வைத்தியத்துக்குப் போய்விடும். மருந்து வாங்கப் போன கடையில்தான் தான் காதலிக்கிற பெண்ணைப் பார்த்திருக்கிறான். காசு குறைகிற நாளில் முகம் சுளிக்காமல் அட்டையைக் கத்தரித்து நாலே மாத்திரை கொடுப்பாளாம். அவள் வீட்டில் போன் இல்லை. கடை போனில்தான் பேச்சு.

விடிந்ததும் பூட்டு கண்ணை மூடி நிற்பான். எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கடவுளிடம் வேண்டுவான். கடைசியில் எதிரிப் படைக்கும் சேர்த்து வேண்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நம்மளச் சுடறவனுக்கு எதுக்குடா வேண்டுற?"

"அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்லண்ணே."

"சரி, உன் உசுரையாவது கேளேன்டா."

"குடுத்தவருக்கு நான் ஞாபகப்படுத்தணுமா?"

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன சொல்வது?

போனுக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் 'கட்' என்றுதான் கூப்பிடுவோம். நேரம் முடிந்ததும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அது. அவர் முன்னால் வரிசை நிற்கும். ஒருவன் காதலியோடு பேசினால் இருபது பேர் காது கொடுப்போம். ரகசியமாவது ஒன்றாவது! பூட்டு பேசுவது கொஞ்சம்தான். அம்மா சாப்பிட்டாளா, இருமல் எப்படி, நீ எப்படி இருக்கே. பிறகு, "கண்ணை மூடிக்கலாமா?" என்பான். அங்கே அவளும் மூடுவாள். மிச்ச நேரம் முழுக்க இரண்டு பக்கமும் சத்தமே இருக்காது.

வரிசை கொதிக்கும். "டேய், காசு குடுத்து வாங்கின நிமிஷத்துல கொட்டாவி விடறியா?"

"கடன்ல வாங்கினதுடா," என்று நான் திருத்துவேன்.

ஒரு நாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டு விழத் தொடங்கியது. நாங்கள் தரையோடு தரையாகப் படுத்தோம். அவளுக்கும் அது கேட்டுவிட்டது.

"என்ன சத்தம் அது?"

"இடின்னு சொல்லுடா!" என்று கீழே கிடந்தபடியே கத்தினேன்.

"குண்டு," என்றான் பூட்டு. "கொஞ்சம் தள்ளித்தான் விழுது."

அவள் குரல் போனைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. "அண்ணன் வேற இடம் பார்த்திருக்கான். தட்டிக்கழிச்சு அலுத்துப்போச்சு. திரும்பி வந்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அடுத்த வாரம் வரைக்கும்தான் என்னால நிறுத்தி வைக்க முடியும்."

லைன் அறுந்தது.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் அவனுக்கு வாத்தியார். "வந்துருவேன்னு சொன்னா உன் வாயா வெந்துரும்?" என்றார் கட். "நீ செத்துட்டா அவ உன்கிட்ட வந்து ஏன்டா பொய் சொன்னேன்னு கேக்கவா போறா?" என்றான் சமையல்காரன். நான் என் முறையையும் அவனுக்கு எழுதிவைத்தேன், கடனில்தான். பூட்டு சிரித்தான். "என் கையில இல்லாததை அவ கையில எப்படிண்ணே எடுத்து வைக்கிறது?"

அடுத்த வாரம் அவள் மணி அடித்தவுடன் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"வருவேன்னு சொல்ல முடியாது. அது அவர் கையில இருக்கு. தினம் காலையில உன் பேரைத்தான் முதல்ல சொல்றேன். இருக்கிற வரைக்கும் சொல்லுவேன். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். கட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "கண்ணை மூடிக்கலாமா?"

பூட்டு மூடினான். அவன் பின்னால் நின்றவன் தொப்பியைக் கழற்றினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் கழற்றினான். கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத அந்த வரிசை அப்படியே அடங்கிப்போனது. யாருக்கும் தலை வணங்காத நான், முதலாளிகளிடமே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்த நான், என்னை அறியாமல் கண்ணை மூடினேன். அன்றைக்குக் கட் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

அவள் என்ன முடிவு எடுத்தாள் என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை. பூட்டும் கேட்கவில்லை.

எங்களை ஓய்வுக்காகப் பின்னால் இருந்த ரயிலடி ஊருக்கு அனுப்பினார்கள். கட் மருந்துக்கடைக்குப் போன் போட்டு இடத்தைச் சொல்லியிருந்தாராம். மூன்றாம் நாள் முகாம் வாசலில் ஒரு பெண். பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு அவள் அண்ணன்.

"மாப்பிள்ளை வாயில ஒரு சின்னப் பொய் வராதாய்யா?" என்று எங்களிடம் அங்கலாய்த்தான் அவன். "ரயில் ரயிலா மாறி என் இடுப்பே போச்சு!"

அவள் நேராகப் பூட்டிடம் போனாள். "உங்களால வருவேன்னு சொல்ல முடியாது. சரி. அவர்கிட்டப் போறேன்னு வீட்டுல சொல்ல என்னால முடியும், வந்துட்டேன்."

பூட்டு அவள் அண்ணனிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். கண் நிறைந்திருந்தது. மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, கல்யாணம். மாலைக்குப் பூ தேடி அலைந்தவர் கட்.

முடிந்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, போன் பாக்கி எவ்வளவு?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளதும்மா."

"பேசினது ரெண்டு பேரு. பேசாம இருந்ததும் ரெண்டு பேருதான். பாதி என்னோடது."

"பதினொண்ணுல எங்கம்மா பாதி வரும்?" என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன்.

"அஞ்சரை. சில்லறை கொண்டுவந்திருக்கேன். கையை நீட்டுங்க."

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கையை நீட்டினேன். மாத்திரை எண்ணுகிற விரல்கள் அல்லவா, ஒன்றுகூடத் தப்பவில்லை. நோட்டை ஒவ்வொன்றாக வைத்து, மேலே அந்த அரைக்கான சில்லறையையும் எண்ணி வைத்தாள்.