ஜமீன் தோட்டத்து வழி

அமராவதி ஆற்றோர நடைக்கு எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, பழைய ஜமீன் பங்களாவின் இரும்புக் கதவைத் தள்ளினார். அது கிறீச்சிட்டதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று அப்பா அம்மாவோடு குளிக்கப் போனேன். இந்தக் கதவு வழியாக ஜமீன் மாந்தோப்புக்குள் புகுந்தால் ஆற்றுக்குக் குறுக்குவழி. காவல்காரன் மறித்தான்.

"உங்க தெருக்காரங்க செருப்போட நடக்கக் கூடாதுன்னு தெரியாதாடா? கழட்டிக் கையில எடு!"

அப்பாவை ஒருவன் 'டா' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். அப்பா குனிந்தார். அம்மா அவர் தோளைத் தொட்டாள்.

"வேண்டாமுங்க. சுத்தியே போயிக்கலாம்."

வேலிமுள்ளிலும் சுடுமணலிலுமாக நடந்தோம்.

"அந்தக் காலத்துல ஊரே இந்த வழியாத்தான் போகுமுங்க," என்றார் வழிகாட்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பாவை இங்கதானுங்க மறிச்சாங்க. அதையும் சொல்லுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

கூட வந்த குழந்தைகளை நிறுத்தி, நானே சொன்னேன்.