இடி கேட்டால் பிளக்கை எடுக்கும் வீடு

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி என்றால் பயம். மின்தூக்கி என்றால் பயம். ஜொகூரின் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் கார் ஓட்டினால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடும். இடி என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவர் முப்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தவர். ஆனால் கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி என்னை ஆட்டிவைத்த அந்த வாரத்தைப் போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

அந்தப் பெட்டி எங்கள் ஹார்ட் டிஸ்க். ஒருநாள் மதியம் வழக்கம்போல அதைத் தொலைக்காட்சியின் பின்னால் செருகினேன். படம் வரவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம்தான் வந்தது. பிடுங்கி மறுபடி செருகினேன். கொஞ்ச நேரம் முக்கிவிட்டுப் படம் வந்தது. வந்ததே என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. என் கணவர் பத்து பாகாட் என்கிற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். "எந்த மிஷினும் புதுசா ஒரு சத்தம் போட்டுச்சுன்னா, மொதல்ல அத நிப்பாட்டு, அப்புறம் யோசி" என்பார். நிறுத்திவிட்டேன். யோசிக்கத்தான் முடியவில்லை. அவரிடமே கேட்கலாம் என்றால் அவரால் பேச முடியாது.

அதற்கு ஏழு மாதத்துக்கு முன்தான் அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் "த... த..." என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வார்த்தை வராத கோபத்தில் இடக்கையால் மேசையைத் தட்டுவார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவேன்.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவர் என்னைக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சத்தம் மனதில் வரவில்லை. முப்பது வருடம் கேட்ட குரல், ஆறே மாதத்தில் காதைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அரிசியை அப்படியே போட்டுவிட்டுப் போய் அந்த ஹார்ட் டிஸ்க்கை முதன்முதலில் செருகியது அன்றைக்குத்தான்.

விழுந்த அன்று அவருடைய கைப்பேசியும் வாளித் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது. அவர் குரல் மிச்சமிருந்தது அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான். இருபது வருடத்துக் காணொளிகள், எல்லாம் அவர் எடுத்தவை. கேமராவை யாரிடமும் கொடுக்கமாட்டார். அதனால் ஒன்றிலும் அவர் முகம் இருக்காது. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டேயிருக்கும், கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்கிறவர் மாதிரி. பெக்கான் நானாஸில் காரை நிறுத்தி அன்னாசி வாங்கித் தின்ற காணொளிதான் எனக்கு உயிர். "அலமாக்! மூஞ்ச பாருங்க மக்களே! இனிப்பா இருக்குன்னு இவளே வாங்கினா, இப்ப இவளே முழிக்கிறா!" என்று சிரிப்பார். திரையில் நான் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்ப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். நல்லது, தினமும் போட்டுக் காட்டுங்கள், அவர் குரலை அவரே கேட்கட்டும் என்றாள். அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து தன் குரலைக் கேட்பார். உதடு லேசாக அசையும். அந்த அசைவைப் பார்த்தே நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்த டிக், டிக்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். அவள் பதறாமல் பேசினாள். அதுவே எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"ம்மா, அதத் தொடாதீங்க. இனிமே ஒரே ஒரு வாட்டிதான் அத ஆன் பண்ணணும், எல்லாத்தையும் காப்பி பண்றதுக்கு மட்டும். ஒரு குட்டி டெஸ்க்டாப் வாங்கிடுங்க. டீவிக்குக் கீழ வச்சா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். வீடியோ எல்லாம் அதுக்குள்ள. அப்பா ரிமோட்ட அமுக்கினா போதும்."

"கம்ப்யூட்டருன்னா எனக்கு என்னடி தெரியும்? லேப்டாப்பே வாங்கிடவா?"

"வேணாம்மா. மூடி மூடித் தொறக்குறது சரிப்படாது. ஆபீஸ்ல ஓடின பழைய குட்டி டெஸ்க்டாப் போதும். உள்ள இருக்குற சிப்பு எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழ இருந்தா எடுக்காதீங்க, படம் தடுக்கும். உள்ள ரெண்டு டிஸ்க் போட எடம் இருக்கான்னு கேளுங்க. அப்புறம் சத்தம். ஃபேன் சத்தம் போடுதான்னு கேளுங்க."

இத்தனையையும் மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்துப் பக்கம் கடைவரிசையில் பழைய கணினி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவள் ஒரு தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். முதலாவது ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் காணொளி ஒன்றைப் போட்டதும் திக்கித் திக்கி ஓடியது. அந்தத் திக்கலைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை, வேண்டாம் என்றேன். இரண்டாவது பெரியது, டிஸ்க் போட நிறைய இடம், ஆனால் மின்விசிறி உர்ரென்றது.

"அக்கா, இது நல்லா ஓடும் லா. சத்தம் கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றாள்.

"பழகக் கூடாதும்மா" என்றேன். "நான் கேக்க வேண்டியது வேற ஒரு சத்தம்."

அவளுக்கு விளங்கவில்லை. சொன்னேன். அவள் கடைக்கதவைச் சாத்தினாள், குளிர்சாதனத்தை நிறுத்தினாள், மூன்றாவது பெட்டியை ஓடவிட்டு, "இப்ப காதை வச்சுக் கேளுங்கக்கா" என்றாள். குனிந்து மேசையில் கன்னத்தை வைத்துக் கேட்டேன். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். படம் தடுக்கவில்லை. உள்ளே இரண்டு டிஸ்க்குக்கு இடம் இருந்தது. ஒன்றில் வைப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும்படி செய்து தருகிறேன் என்றாள்.

கடைசியில் கனமான ஒரு பெட்டியைக் காட்டினாள். அது யூபிஎஸ். திடீரென்று கரண்ட் நின்றாலும் கணினி பத்து நிமிடம் ஓடும். "காப்பி ஓடும்போது கரண்ட் போச்சுன்னா அந்தப் பழைய டிஸ்க் தாங்காதுக்கா. எடுத்துக்குங்க" என்றாள்.

அங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். "தேவையில்லம்மா. எங்க வீட்டுல மானம் இருட்டினாலே பிளக்க எடுத்துடுவோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அது உண்மைதான். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு சாயங்காலம் இடி விழுந்து தொலைக்காட்சி, மோடம் இரண்டும் கருகிப்போயின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம். இடி உறுமினால் போதும், என் கணவர் எந்த அறையில் இருந்தாலும் "பிளக்கெடு! பிளக்கெடு!" என்று கத்துவார். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். ஜொகூரில் சாயங்கால இடிக்கா பஞ்சம்? அந்தக் கத்தலை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. பிளக்கை எடுக்கிற வீட்டுக்கு எதற்கு யூபிஎஸ் என்றுதான் நினைத்தேன். பிளக்கை எடுப்பதும் கரண்ட் நிற்பதும் அந்த டிஸ்க்குக்கு ஒன்றுதான் என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

மறுநாள் மதியம் கணினியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தேன். மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தேன். பழைய டிஸ்க்கைச் செருகியபோது கண்ணை மூடிக்கொண்டேன். டிக், டிக். பிறகு ஒரு முனகல். பிறகு திரையில் பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. ஒரு விழுக்காடு. இரண்டு. என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வீடியோவைத்தாங்க காப்பி பண்றேன், பத்திரமா இருக்கும்" என்றேன். தலையாட்டினார்.

இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டை விட்டு நான் நகரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முப்பத்தெட்டு விழுக்காட்டில் வெளியே வெளிச்சம் மங்கியது. முதலில் காற்று, பின்னாலேயே தூறல். கொல்லையில் அவருடைய படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. ஒரே நிமிடம் என்று ஓடினேன்.

விரிப்பைக் கையில் சுருட்டும்போது வானம் பிளந்த மாதிரி ஒரு இடி. நான் அப்படியே குந்திவிட்டேன். காது கிண்ணென்று இருந்தது. அந்தக் கிண்ணுக்குள் வீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது.

"பிளக்கெடு! பிளக்கெடு!"

காணொளி ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஏதோ பழைய மழைநாளில் எடுத்ததாக இருக்கும். மறு நொடியே உறைத்தது. காணொளி எதுவும் ஓடவில்லை. காப்பிதான் ஓடிக்கொண்டிருந்தது.

விரிப்பைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. அவர் தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில், தரையில், ஒரு கால் மடங்கி உட்கார்ந்திருந்தார். கைத்தடி தூரத்தில் கிடந்தது. இடக்கையில் பிளக்கை வயரோடு பிடித்திருந்தார். திரை இருண்டிருந்தது. என்னைப் பார்த்து முறைத்தார், இத்தனை நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்கிற அதே பழைய முறைப்பு.

"என்னங்க, அடிபட்டுச்சா? எங்கங்க வலிக்குது?" என்று தலையை, தோளை, முட்டியை எல்லாம் தடவிப் பார்த்தேன். அடி ஒன்றும் இல்லை. "இப்ப என்னங்க சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

வாயைத் திறந்தார். "த... த..." என்றார்.

அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேனா வயிற்றெரிச்சலில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பிளக்கை என் மடியில் வைத்தார். பத்திரப்படுத்திவிட்டாராம்.

மழை விட்டதும் மறுபடி போட்டோம். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய டிஸ்க் நாலு தடவை டிக்கென்றது, பிறகு அதுவும் இல்லை. மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் வெகு நேரம் பார்த்துவிட்டு, "முடிஞ்சு போச்சுக்கா" என்றாள். அந்த யூபிஎஸ்ஸை நானே கேட்டு வாங்கிக் காரில் வைத்தேன்.

காப்பி வருட வரிசையில் ஓடியிருக்கிறது. ஆக, மகள் பள்ளிக்கூடம் போன காலம் வரைக்கும் தப்பித்தது. அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் போய்விட்டது. பெக்கான் நானாஸும் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. தப்பித்ததை அவர் தினமும் ரிமோட்டை அமுக்கிப் பார்க்கிறார். பெட்டி மூச்சு விடுகிற சத்தத்தில் ஓடுகிறது.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை சில பேருக்கு யோசிக்காமல், பதற்றத்தில் தானாக வரும் என்றாள். பிளக்கைக் கையில் பிடித்துக் காட்டி, இது என்ன என்று அவரிடம் கேட்டாள். "த..." என்றார். வேர்த்துக் கொட்டியது. போதும் விடுங்கள் என்று நானே சொன்னேன்.

இப்போது யூபிஎஸ் இருக்கிறது. இடியைத் தாங்கும் தனி சுவிட்சுப் பலகையும் மகள் வாங்கிப் போட்டுவிட்டாள். காப்பி இரண்டு இடத்தில் இருக்கிறது, மூன்றாவது சிங்கப்பூரில் மகளிடம். பிளக்கை எடுக்கத் தேவையே இல்லை என்று அவள் எனக்கு உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் எழுந்து ஓடாமலிருக்க, மேகம் கூடியதுமே அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டுவிடுகிறேன்.

பிறகு சமையலறையில் போய் நிற்கிறேன். இடி என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். கண்ணை மூடிக்கொண்டு, சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விழட்டும், பக்கத்திலேயே விழட்டும் என்று காத்திருக்கிறேன். விழுகிறது.

"பிளக்கெடு!"

"இந்தா வரேங்க" என்கிறேன். நகரமாட்டேன். இன்னொரு தடவை கத்தட்டும் என்று அங்கேயே நிற்பேன்.