நதீரா வீட்டுச் சகன்

வாப்பாவை எப்படிக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நதீராவின் அண்ணனான காக்காவுக்கும் நன்றாகத் தெரியும், தம்பிக்கும் நன்றாகத் தெரியும். அவளுடைய தலையிடியே அதுதான்.

சாய்ந்தமருதில் ஆண்கள் கல்யாணம் முடித்தால் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள்; தாய் தகப்பனின் வீடு மகளுக்கு. அப்படித்தான் நதீராவுக்கு வீடு வந்தது. வீட்டோடு சேர்ந்து உம்மாவின் முழங்கால் வருத்தமும் வாப்பாவின் சலரோகமும் வந்தன. இருவரையும் தூக்கி இருத்தி, ஊட்டிக் கழுவி, கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் அவள்தான். அபிப்பிராயம் சொல்லும் உரிமை மட்டும் எப்படியோ மற்ற இருவரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

காக்கா நளீம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர்களுடைய வம்சக் குடிக்காக இருக்கும் மரைக்காயர். வாப்பா மௌத்தான நாளில் வருசாவருசம் அவர் பேரில் குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்து, ஊரைக் கூட்டிச் சோறு கொடுக்காவிட்டால் குடியின் மானம் போய்விடும் என்பார். தம்பி றஸ்மி கத்தாரில் இருந்து வந்தவன். கத்தமெல்லாம் மார்க்கத்தில் இல்லாத வேலை, வாப்பா பேரில் ஏழை வீடொன்றுக்குக் குழாய்க்கிணறு அடிப்போம் என்பான். இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. கதைப்பதெல்லாம் நதீராவின் போனில்.

“அவனுக்குச் சொல்லு புள்ள, இது வாப்பாட வழி எண்டு.”

“காக்காக்குச் சொல்லுங்க ராத்தா, வழி எண்டா அது குர்ஆனும் ஹதீஸும்தான் எண்டு.”

நான் என்ன தபால்காரியா என்று நதீராவுக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருசம் இருவரும் கேற்றடியில் சண்டை பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கிடாரம் நிறையச் சோறு அப்படியே கிடந்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து முடித்துவிட்டு, குசினிக்குள் தனியாக இருந்து அழுதாள். தான் கண்ணை மூடுவதற்குள் கூடப்பிறந்த இருவரும் இந்த வீட்டில் ஒரே சகனில், ஒரே பெரிய தட்டில், கை வைக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருசம் அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே பேச்சுத்தான்.

“கத்தமுமில்ல, கிணறுமில்ல. நெய்ச்சோறு ஆக்குறன். லுஹர் தொழுதுட்டு வந்து தின்னுங்க.”

இருவரும் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் நதீராவின் புருசன் மசூருக்குக் கல்முனைச் சந்தையில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. நதீரா பாயை விரித்து, நாலைந்து பேர் சுற்றியிருந்து தின்னும் பெரிய சகனில் சோற்றைக் குவித்து, இறைச்சிக் கறியை ஊற்றி நடுவில் வைத்தாள். ஒரே ஒரு சகன்தான். இருவரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள்.

“ஒரு யாசீனாவது ஓதாம எப்படிக் கை வெக்கிற?” என்றார் காக்கா.

“பிஸ்மி சொன்னா காணும்” என்றான் தம்பி.

“வாப்பா இரிந்தா இதைப் பொறுப்பாரா?”

“வாப்பாக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல, அவர் தெரியாமச் செஞ்சார்.”

“வாப்பாவையா தெரியாதவர் எண்டுறாய்?”

சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. விடியச் சுபஹிலிருந்து அடுப்படியில் நின்றவள், ஒரு மிடறு பிளேன்ரீகூடக் குடிக்காதவள், கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க கொஞ்சம்.”

றஸ்மி நிமிர்ந்து பார்த்தான். “நீங்க பொறகு தின்னலாமே ராத்தா.”

“உம்மா வந்து இரிக்காம வாப்பா ஒருநாளாவது சகனில கை வெச்சவரா? ரெண்டு பேரும் சொல்லுங்க பாப்பம்.”

அவள் பாயின் விளிம்பில் வந்து நின்றாள்.

“ஆக்கினவ பசியோட நிக்க எனக்குச் சோறு இறங்காது எண்டு அவர் கூப்பிடுறது உங்கட காதில விழல்லியா? வாப்பா, வாப்பா எண்டு தொண்டை கிழியக் கத்துறீங்க. இத்தன வருசத்துல, நீயும் இரி எண்டு எனக்கு ஒரு வார்த்த சொன்ன ஆக்களா நீங்க?”

நளீம் காக்கா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நகர்ந்து இடம் விட்டார். மறுபக்கம் றஸ்மியும் நகர்ந்தான். நதீரா நடுவில் இருந்து, பிஸ்மி சொல்லி, முதல் பிடியை எடுத்து வாயில் வைத்தாள். அவள் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு இருவரும் கையை நீட்டினார்கள்.

“சோறு ஆறிப்போச்சு,” என்றாள் நதீரா. “உங்களாலதான்.”