தீ என்று கத்துகிற ஹில்டா

“தீ! ஐயோ, தீ!” என்று மாடியறையில் ஹில்டா மார்ஃப்லீட் அலறுவாள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். கீழே தேநீர் ஊற்றுகிற நான் இத்தனை வருஷமாகியும் தட்டில் கொஞ்சம் சிந்திவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பழைய பாதிரியார் வீடு இப்போது அருங்காட்சியகம்; அதற்கு அவள் வழிகாட்டி. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாதிரியார் மகனாக வளர்ந்த இடம். முன்பு இங்கிருந்த வீடு எரிந்தபோது சிறுவன் ஜான் மாடியில் மாட்டிக்கொண்டான். ஏணி இல்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியே அவனை இறக்கினார்கள். ஹில்டாவுக்கு இந்தக் கதை என்றால் உயிர். கசாப்புக் கடையில் காலமெல்லாம் கூவிய தொண்டை வேறு.

“பெத்த அப்பன் என்ன பண்ணாரு தெரியுமா? புள்ள போயிட்டான்னு மண்டி போட்டு ஜெபம் பண்ணாரு! நல்லா இருக்குதா நியாயம்?” என்று வந்தவர்களையே கேட்பாள். பாதிரியார்கள் வந்தாலும் விடமாட்டாள்.

மதியம் உலர்திராட்சை போட்ட பிளம் ரொட்டிமேல் அதைவிடத் தடிமனாகச் சீஸை வைத்துக் கடித்தபடி, “இன்னிக்கு ரெண்டு பேர அழ வெச்சுட்டேன்டீ” என்பாள். யாரும் அழாத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

போன மே மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கதை முடிந்து எல்லோரும் தோட்டத்துக்கு இறங்கியாயிற்று என்றுதான் நினைத்தோம். நான் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் ரெடி! யாராச்சும் ஏறி வாங்க!”

நிமிர்ந்து பார்த்தேன். ஐவி என்ற ஏழு வயதுப் பெண் மாடி ஜன்னலைத் திறந்து, வெளி விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். டீச்சர் மாடிப்படிக்கு ஓடினார்.

ஹில்டா கத்தவில்லை. பஸ் டிரைவர் டெரிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்து, ஜன்னலடியில் குனிய வைத்தாள். மூட்டுவலிக்காரி, எழுபதைத் தாண்டியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் தோள்மேல் ஏறினாள்! கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை.

“எந்திரி டெரிக்... மெதுவா. கண்ணு, என்னையே பாரு. குதிக்காத. அப்படியே உக்காரு. ம், கால நீட்டு.”

குழந்தை சறுக்கிக்கொண்டு அவள் கைக்குள் வந்தது. டெரிக் தடுமாற, மூவருமாகப் பூப்பாத்தியில் விழுந்தார்கள்.

ஐவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து, கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஹில்டாவிடம் ஆசையாகக் கேட்டாள்:

“மிஸ், நீங்க சொன்ன மாதிரியே நின்னேன்ல?”

ஹில்டாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அன்று பிளம் ரொட்டியை அவள் தொடவே இல்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மறுநாளே ஆள் வந்து ஜன்னலைத் திறக்க முடியாதபடி திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் லீட்ஸிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வந்தார்கள். எல்லாம் நரைத்த தலை, ஊன்றுகோல், காது மிஷின். ஹில்டா வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே மாடிக்குப் போனேன்.

“இங்க ஒரு தீ. எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்க. வாங்க, அடுப்படியப் பாப்போம்,” என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கடைசிக் கிழவர் படியிறங்கும்வரை, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள்.