பெயர் தெரியாத பையனுக்கு நான் கார்டியன்

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது இது. அப்போது மதுரை காளவாசலில் தையல் கடை வைத்திருந்தேன். பள்ளிச் சீருடைகள்தான் எங்கள் பிழைப்பு. திருப்பரங்குன்றம் தாண்டி, வயல்வெளிக்கு நடுவே ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளி இருந்தது. ஏழெட்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கு நாங்கள்தான் சீருடை தைத்தோம். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோபத்தில் இன்னும் என்னென்னவோ சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

காலை பத்தரை மணி இருக்கும். துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேன் வந்து கடை வாசலில் நின்றது. உள்ளேயிருந்து பள்ளியின் ஆபீஸ் மேனேஜர் இறங்கி வந்தார். துணி மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்துப் போடணும்."

"யாருக்குண்ணே? நான் எதுக்கு?"

"நம்ம தாய்லாந்துப் பையன் ஒருத்தனுக்கு ஆபரேசன். நீங்கதான கார்டியன்?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் மெல்ல ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் மே மாதம், இதே மேனேஜர் சீருடை ஆர்டரோடு நாலைந்து படிவங்களையும் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து சேருகிற பையன்களுக்கு உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். பெற்றவர்களுக்கு ஒரு தைரியத்துக்காக என்றார். "சும்மா ஃபார்மாலிட்டிதாண்ணே. ஒரு கையெழுத்து, ஒரு ரேசன் கார்டு ஜெராக்ஸ். அம்புட்டுதான்."

நம் ஊரில் யாராவது கையெழுத்துக் கேட்டால் என்ன ஏது என்று விசாரிப்பது மரியாதைக் குறைவு. பத்திரப் பதிவுக்குச் சாட்சி, பேங்கில் ஜாமீன், ஓடிப்போய்க் கல்யாணம் செய்கிறவர்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு சாட்சி, எல்லாம் டீ வாங்கிக் கொடுப்பதைப்போலச் செய்துவிடுவோம். அதோடு, ஆர்டர் கொடுக்கிற மனுஷனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய கையோடு அத்தனை படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. பையன்களின் பேரைக்கூடப் பார்க்கவில்லை.

வேனில் போகும்போதே கேட்டேன். "பெத்தவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"போனை எடுக்க மாட்டேங்குறாங்க."

"சரி, நீங்களே போட வேண்டியதுதான? ஸ்கூல் பொறுப்புலதான இருக்கான்?"

"அதெப்படிண்ணே? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஸ்கூல் பேரு கெட்டுப்போகும். யாரும் கையெழுத்துப் போட வேணாம்னு கரஸ்பாண்டென்ட் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு."

இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்ன கூட்டு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் மீது எரிந்து விழுந்தார். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது, மூன்று நாள் வலியோடு பையன் கிடந்திருக்கிறான் என்றார். "இவரு ரெண்டு மணி நேரமா கையெழுத்துப் போட மாட்டேன்னு நிக்கிறாரு. இப்பத்தான் உங்களைக் கண்டுபிடிச்சாங்களா? இன்னும் லேட்டானா பையன் தங்க மாட்டான்."

நர்ஸ் ஒரு தாளை நீட்டி, நோயாளியின் பேரைக் கேட்டார். நான் திரும்பி மேனேஜரைப் பார்த்தேன். அவர் சொன்னார். அடுத்து நர்ஸ் வயது கேட்டார். மறுபடியும் மேனேஜரைப் பார்த்தேன். நர்ஸ் பேனாவை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், கார்டியன் நீங்களா, அவரா?"

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கித் திறந்தேன். கையெழுத்தை மட்டும் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் அவனைத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் முதன்முறையாக முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பையன். கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து கிடந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். தெரிந்த ஆளைப் பார்ப்பதைப்போல லேசாகத் தலையை ஆட்டினான். எனக்குத்தான் அவனைத் தெரியவில்லை.

மேனேஜர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, ஸ்கூல்ல இன்னைக்கு இன்ஸ்பெக்சன். நீங்க இருந்து பாத்துக்கங்க. போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். அவர் திரும்பி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் பையனின் உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். எங்கள் கடையில் தைத்த பேன்ட். தொழில் புத்தி எங்கே போகும்? கை தானாக இடுப்புப் பட்டையைத் திருப்பியது. உள்ளே மார்க்கிங் மையில் விடுதி எண். பின்பக்கத் தையலில் இடுப்பைக் குறைத்து இரண்டு முறை பிடித்திருந்தது. இரண்டும் நான் போட்ட தையல்.

விடுதியிலிருந்து ஆல்ட்டர் செய்ய வேண்டிய துணிகள் மூட்டையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் எண் மட்டும் இருக்கும். ஜூனில் நான் விடுதிக்குப் போய் அளவெடுத்தபோது இந்த எண்ணுக்கு இடுப்பு இருபத்தெட்டு. ஆகஸ்டில் இரண்டு அங்குலம் பிடிக்கச் சொல்லி வந்தது. பிடித்தேன். செப்டம்பரில் மறுபடியும் இரண்டு அங்குலம். அதையும் பிடித்தேன். அந்த வயதுப் பையன்களுக்கு வருஷா வருஷம் தையலைப் பிரித்து இடுப்பைத் தளர்த்தித்தான் பழக்கம். வளருகிற பையனுக்கு மூன்று மாதத்தில் நாலு அங்குலம் குறைகிறது என்றால் அவன் உடம்பில் ஏதோ கோளாறு என்று ஒரு தையல்காரனுக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இவன் ஒரு பெல்ட்டு வாங்கிப் போட மாட்டானா?" என்று கடையில் சத்தமாகவே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே நாலு போடலாம் என்று இருக்கிறது.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் என் மனைவியை அவனுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் போர்டு. நாலைந்து நாட்டுக் கொடிகள், நடுவில் 'சர்வதேச மாணவர்கள் பயிலும் பள்ளி' என்று கொட்டை எழுத்து. பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு ஆறு வெளிநாட்டுப் பையன்கள் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். இடது ஓரத்தில் அவன். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று இருந்தான். யார் விருந்தினராக வந்தாலும் இந்தப் பையன்களைத்தான் வேட்டி கட்டி வாசலில் நிறுத்துவார்கள். மாலை போடுவதற்கும் போட்டோவுக்கும் அவர்கள் வேண்டும். வயிற்று வலிக்கு மட்டும் வேண்டாம்.

வார்டனிடம் கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "அவனுங்களுக்கு நம்ம சாப்பாடு இறங்காது சார். பட்டினி கிடந்தா ரெண்டு நாள்ல தானா தின்பானுங்க. வயித்து வலி வயித்து வலிம்பான். டிரில் பீரியடுக்கு டிமிக்கி குடுக்க எல்லாப் பயலும் சொல்றதுதான?"

முந்தின வருஷம் இந்தப் பையன்களுக்கென்று தனிச் சமையல் இருந்திருக்கிறது. காரமில்லாத சாதமும் முட்டையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் சேர்த்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து போர்டு வைத்தாகிவிட்டது, இனி எதற்கு என்று இந்த ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். விடுதிச் சமையல்காரர் ஒருவர்தான் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு இதை என்னிடம் சொன்னார்.

மேனேஜர் அறைக்குள் போய்க் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக யாரிடமும் பேசியதில்லை. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"படிங்கண்ணே. மாதம் ஒரு முறை மாணவனை நேரில் சந்தித்து உடல்நலம் விசாரித்து, குறை இருந்தால் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். போட்டிருக்கா? ஒண்ணரை வருசத்துல எத்தனை தடவை வந்து பாத்தீங்க? நாங்க பெத்தவங்களுக்கு அப்படித்தான் எழுதப்போறோம். கார்டியன் எதுவும் தெரிவிக்கலைன்னு."

சும்மா ஃபார்மாலிட்டி என்று சொன்ன அதே வாய். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஆனால் அவர் காட்டிய வரியும் அங்கேதான் இருந்தது, அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. ஓங்கிய கையைக் கீழே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். திட்டுவதற்கு வார்த்தை நிறைய இருந்தும் யோக்கியதை இல்லாமல் நிற்பதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஐந்தாம் நாள் பையன் மெல்ல நடக்க ஆரம்பித்தான். அவன் அம்மா சந்தையில் பழக்கடை வைத்திருக்கிறாராம். பக்கத்துக் கடைக்குப் போன் போட்டால் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். தன் பாஷையில் ரொம்ப நேரம் பேசினான். எதிர்முனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, விடுதியில் கற்ற தமிழில் சொன்னான்.

"அம்மா உங்ககிட்ட பேசணுமாம்ண்ணே. அம்மாக்கு இங்கிலீசு வராது. நான் சொல்றேன்."

எந்தத் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நிமிர்ந்து நின்றேன். பெற்ற வயிறு என்ன சொன்னாலும் தகும்.

அவன் அம்மா சொல்வதைக் காதில் வாங்கினான். காது மடல் சிவந்துபோனது. என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா நன்றி சொல்றாங்க."

"எதுக்குடா?"

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. உங்க வீட்டு அக்கா மீன் கொழம்பு வச்சுக் குடுக்குறதுக்கு. அப்புறம்... நீங்க இருக்கீங்கன்னுதான் அம்மா பயப்படாம தூங்குறாங்களாம்."

ரிசீவரிலிருந்து அந்த அம்மாவின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவனும் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தான். போனை வைத்த பிறகு கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னாய் என்று.

வாரா வாரம் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், வார்டன் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார்; அம்மாவுக்கு அங்கே யாராவது படித்துச் சொல்வார்களாம். குறை எழுதினால் கிழித்துவிடுவார். எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்? கார்டியன் என்று படிவத்தில் இருந்த என் பேரையும் கடைப் பேரையும் பார்த்திருக்கிறான். மற்றதை அவனே எழுதிக்கொண்டான்.

"போன்லயாச்சும் உண்மையச் சொல்லக் கூடாதா? இப்பவாச்சும் சொல்லு" என்றேன்.

"வேணாம்ண்ணே. அம்மா அழுவாங்க." அப்புறம் இதையும் சொன்னான். "ஜூன்ல அளவெடுக்க வந்தீங்கள்ல, அப்ப எம் பேரக் கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க நம்பருதான் கேட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

அந்த வருஷமே பள்ளி எங்கள் ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டது. போய்த் தொலையட்டும். கார்டியன் என்ற பேர் மட்டும் என்னிடமே இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்று, அவனையும் நான் கையெழுத்துப் போட்ட மற்ற பையன்களையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தனிச் சமையல் மறுபடியும் தொடங்குகிறவரைக்கும் வாரா வாரம் வார்டனோடு சண்டை போட்டேன். பையன் அடுத்த ஏப்ரலில் பள்ளியை விட்டு ஊருக்குப் போனபோது இடுப்பு இருபத்தேழு.

அந்தப் பள்ளியை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பையன் பசியோடு உட்கார்ந்து, நல்ல மனுஷன் ஒருவனைத் தானே உண்டாக்கி, அவனுக்கு என் பேரை வைத்து அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, நிஜத்தில் அந்தப் பேருக்கு உரியவன் காளவாசலில் உட்கார்ந்து அவன் பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால், கோபப்படவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.